வேந்தருக்கு வந்து சேர்ந்த வம்சம்

தேரிமேடு பல்கலைக்கழகத்தின் நான்காவது வேந்தர் டாக்டர் மூவேந்தவர்மனின் தாத்தாவும் அப்பாவும் அம்மாவும் பட்டமளிப்பு விழா நடந்துகொண்டிருந்த அரங்கத்துக்குள் பக்கவாசல் வழியாக நடந்து வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தபோது, ஒலிபெருக்கி முன்னால் நின்று அவர்களை அப்போதுதான் வாயாலேயே பெற்றுப்போட்டிருந்த கனகமணிக்கு முதலில் தோன்றியது, முதல் வரிசையில் மூன்று நாற்காலி குறையுமே என்பதுதான்.

கனகமணி அங்கே மக்கள் தொடர்பு அதிகாரி. நாசரேத்துக்காரி. பழைய கல்வெட்டுகளின் தலைப்பில் அரசர்களைப் புகழ்ந்து வெட்டியிருக்கும் மெய்க்கீர்த்திகளை ஆராய்ந்து பட்டம் வாங்கியவள். அந்தப் படிப்புக்கு ஊரில் வேறு எந்த வேலையும் கிடைக்காமல், ஒவ்வொரு வேந்தரைப் பற்றியும் விழா மேடையில் வாசிக்க வேண்டிய வாழ்க்கைக் குறிப்பை எழுதுகிறவளாக வந்து சேர்ந்தாள். கல்வெட்டில் பொய் சொன்னவனுக்குக் கல்லைக் கொத்துகிற சிரமமாவது இருந்தது, நமக்கு அதுவும் இல்லை என்று அவள் சாப்பாட்டு வேளையில் சொல்லிச் சிரிப்பாள்.

அங்கே வேந்தர் என்றால் ஆளுகிறவர் இல்லை. ஆளுகிற வேலை துணைவேந்தருடையது. வேந்தர் வருஷத்துக்கு ஒருநாள் கத்தரிப்பூ நிற அங்கியை மாட்டிக்கொண்டு, குஞ்சம் வைத்த தொப்பியோடு மேடையில் உயரமான நாற்காலியில் அமர்ந்து, வரிசையாக வரும் பிள்ளைகளின் கையில் சுருட்டிய காகிதத்தைத் திணித்துப் புகைப்படத்துக்குப் பல்லைக் காட்ட வேண்டும். முதல் வேந்தர் ஒரு ஜமீன் வாரிசு. அவருடைய முன்னோர் அத்தனை பேரும் நிஜம், அவர்களுடைய யானைகளும் நிஜம், அவர் ஒருவர்தான் சந்தேகம், ஏனென்றால் தன் குறிப்பு வாசிக்கப்படும்போதே தூங்கிப்போய், கைதட்டலில் விழித்து, யார் செத்தது என்று கேட்கிற ஆள். இரண்டாமவர் ஓய்வுபெற்ற நீதிபதி. வழக்குகளைத் தள்ளிவைத்துத் தள்ளிவைத்தே பணிக்காலத்தைக் கழித்தவர், மேடையில் யாராவது வணக்கம் சொன்னால் பதில் வணக்கத்தையும் அடுத்த வருஷத்துக்குத் தள்ளிவைப்பார். மூன்றாமவர் ஒரு மந்திரியின் மைத்துனர். அவருடைய பின்னணி முழுவதும் அவருடைய அக்காதான். இந்த மூவருக்கும் கனகமணி எழுதினாள், வாசித்தாள், ஜனங்கள் கைதட்டினார்கள், பொய் பொய்யாகவே இருந்து, விழா முடிந்ததும் மாலைகளோடு சேர்ந்து குப்பைக்குப் போனது.

நான்காமவர் மலைகளை உடைத்துச் சல்லியாக்கி விற்றவர். சல்லி அலுத்துப்போனதும் கல்லூரிகள் கட்டினார், கல்லூரிகளும் அலுத்துப்போனபோது அங்கி மேல் ஆசை வந்தது. விழாவுக்கு முந்தின வாரம் கனகமணியின் அறைக்கே வந்து, மேஜை ஓரத்தில் சாய்ந்து நின்றார்.

"நம்ம பின்னணியைக் கொஞ்சம் கனமா எழுதுங்கம்மா."

"சொந்த ஊரு, அப்பா அம்மா பேரு சொன்னீங்கன்னா நல்லாருக்கும் ஐயா."

"அதெல்லாம் நீங்களே பார்த்துப் போட்டுக்கோங்க. படிச்சவங்கதானே."

அந்தக் கடைசி வார்த்தையை அவர் சொன்ன விதம் அவளுக்குக் காந்தியது. எவ்வளவு கனம் தாங்குவாய் பார்க்கலாம் என்று, உட்கார்ந்த இடத்தில் ஒரு வம்சத்தையே செய்தாள். வறண்ட பூமியில் ஊர்தோறும் குளம் வெட்டிக் கொடுத்தவரும், அநீதிக்கு ஒருநாளும் தலைவணங்காதவருமான வள்ளல் திருவழுதி ராயரின் பேரன். ஒரு பொய்கூடச் சொல்லியறியாத புலவர் செண்பக ராயரின் மகன். வீணை மீட்டினால் காற்றில் பறக்கும் தேரிச் செம்மணலே அடங்கிக் கேட்கும் ரத்தின நாச்சியாரின் செல்வம். இதை அவள் மேடையில் வாசித்து முடிக்கவும் அந்த மூன்று பேரும் உள்ளே வரவும் சரியாக இருந்தது. தாத்தா ஆறடி உயரம், தோளில் மண்வெட்டி. அப்பா மெலிந்த மனிதர், யாரைப் பார்த்தாலும் உண்மையைக் கேட்டுவிடுவாரோ என்று பயமுறுத்தும் கண்கள். அம்மா பட்டுச்சேலையும் வீணையுமாக வந்து உட்கார்ந்து, மேடையில் இருந்த வேந்தரை, அடையாளம் தெரியாத ஒருவரைப் பார்ப்பது போல மரியாதையாகப் பார்த்தாள்.

துணைவேந்தர் தவசிக்கண்ணு எதற்கும் அசராதவர். கனகமணியின் காதருகே குனிந்து, "வேந்தர் குடும்பம் வருதுன்னு முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல, பொன்னாடை வாங்கியிருப்போம்" என்று மட்டும் கேட்டார்.

அன்று மாலையே மூவருக்கும் விருந்தினர் மாளிகையில் அறை ஒதுக்கப்பட்டது. இல்லாத ஆட்கள் எப்படி வந்தார்கள் என்று விடுதிச் சமையல்காரர்கள் கேட்கவில்லை, காரம் சாப்பிடுவார்களா என்றுதான் கேட்டார்கள். இயற்பியல் துறை இதுபற்றி ஒரு கருத்தரங்கம் கூட்டி, தலைமையுரையில் தொடங்கி மதியப் பிரியாணியோடு முடித்துக்கொண்டது. வரலாற்றுத் துறைத் தலைவர் திருவழுதி ராயரைப் பார்த்து, நீங்கள் வாழ்ந்த நூற்றாண்டு எது என்று தெரிந்தால் பாடத்திட்டத்தில் சேர்த்துவிடலாம் என்றார். பேராசிரியர்கள் ஒவ்வொருவராகக் கனகமணியின் அறை வாசலில் வந்து நின்று, அடுத்த விழாவில் தங்களைப் பற்றியும் நாலு வரி வாசிக்க முடியுமா, நான் எழுதாத புத்தகங்கள் சில இருக்கின்றன, என்று கூச்சப்படாமல் கேட்டார்கள். ஊர்ப் பெண்கள் வெள்ளிக்கிழமைகளில் பிள்ளைகளைக் கூட்டிவந்து ரத்தின நாச்சியாரிடம் ஆசீர்வாதம் வாங்கினார்கள். வேந்தருக்கும் பரம சந்தோஷம். காசு கொடுத்தும் வாங்க முடியாதது தானாக வந்து முதல் வரிசையில் உட்கார்ந்துவிட்டதே! மூவரையும் நடுவில் நிறுத்திப் படம் எடுத்து நாட்காட்டி அச்சடித்து ஊரெல்லாம் கொடுத்தார்.

சங்கடம் எங்கே வந்தது என்றால், வந்தவர்கள் அவள் எழுதியிருந்த மாதிரியே இருந்தார்கள்.

திருவழுதி ராயர் காலையில் எழுந்து வளாகத்தைச் சுற்றிப் பார்த்தார். விழா அரங்கமும் அதன் முன்னால் கார் நிறுத்துமிடமும் ஊர்க் குளத்தை மூடிக் கட்டியவை என்று பேச்சுவாக்கில் யாரோ சொன்னதும், மண்வெட்டியைத் தோளிலிருந்து இறக்கினார். வேந்தரின் கார் நிற்கிற இடத்திலிருந்து வெட்டத் தொடங்கினார். காவலாளிகள் தடுத்தபோது தலைவணங்கவில்லை. அவரால் முடியாது, கழுத்து அப்படி மடங்காது. வேந்தரின் தாத்தாவை யார் கைநீட்டி இழுப்பது? காவலாளிகள் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். வெட்டிய பள்ளத்தில் தண்ணீர் ஊறியதும் ஊரிலிருந்து எருமைகள் வர ஆரம்பித்தன. துணைவேந்தர் அதற்கு நீர்மேலாண்மை ஆய்வு மையம் என்று பலகை வைத்தார்.

அந்த நாட்களில்தான் ஒரு மத்தியான வேளையில், கண்ணில் கறுப்புக் கண்ணாடியும் காலில் கிழிந்த ரப்பர் செருப்புமாக ஓர் அம்மாள் வாசலுக்கு வந்து, வேந்தரைப் பெற்றவள் என்று சொல்லிக்கொண்டாள். உப்பளத்து வெயிலின் வெளிச்சத்துக்குப் போடுகிற கண்ணாடி அது.

"வேந்தரோட அம்மா உள்ள இருக்காவ. நீங்க எத்தனாவது?" என்றான் காவலாளி.

சத்தம் கேட்டுக் கனகமணி வெளியே வந்தாள். "ஒங்க பேரு என்னம்மா?"

"பேச்சியம்மா. அவன் பேரு முக்காண்டி. மூவேந்தனும் இல்ல, நாலு வேந்தனும் இல்ல. எனக்குப் பதிலா ஒருத்திய கொண்டாந்து வச்சிருக்கானாம்லா, காலண்டர்ல பாத்தேன். நேர்ல எப்படி இருக்கான்னு பாத்துட்டுப் போயிருதேன். சண்டைக்கு வரல."

கனகமணி காவலாளியை விலகச் சொன்னாள். பேப்பரில் கனமாக இருக்கட்டும் என்று அவள் எழுதிய வரி, உயிரோடு ஒருத்தி இருந்த இடத்தில் போய் உட்கார்ந்திருக்கிறது. பேச்சியம்மாளின் கையைப் பிடித்து விருந்தினர் மாளிகைக்குக் கூட்டிப்போனாள். வழியில் பேச்சியம்மாள் மகனைப் பற்றி நாலு வார்த்தைதான் பேசினாள். கல்யாணத்துக்குக் கூப்பிடவில்லை. பிறகு ஒருநாள் அவளாகத் தேடிப் போனபோது, வந்திருந்த விருந்தாளிகளிடம் புதுச் சமையல்காரி என்று சொல்லி அடுப்படியில் உட்காரவைத்தான். "சரி, சமையக்காரின்னா சமையக்காரின்னு ஒரு வாய் கொழம்ப நக்கிப் பாத்தேன். உப்பே இல்ல. எந்திரிச்சு வந்துட்டேன்."

ரத்தின நாச்சியார் எழுந்து நின்று வரவேற்றாள். இரண்டு அம்மாக்களும் ஒருவரையொருவர் ஏற இறங்கப் பார்த்துக்கொண்டார்கள். பட்டுச்சேலை முதலில் பேசியது.

"உட்காருங்கள் அக்கா. உங்களிடம் ஒன்று கேட்கவேண்டும். இங்கே கேட்பதற்கு எனக்கு யாருமில்லை. அவனைப் பெற்றபோது வலித்ததா?"

பேச்சியம்மாள் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினாள். "வலிக்காம பின்ன? நீ பெக்கவே இல்லியா?"

"நான் வீணை வாசிப்பேன். அவ்வளவுதான் என்னிடம் இருக்கிறது. பிறந்தபோது எப்படி இருந்தான்?"

"கருவாடு கணக்கா இருந்தான். உப்புப் பாத்தி வரப்புல குச்சிய நட்டுத் தொட்டில் கட்டிப் போட்டிருந்தேன். பேச்சு வந்ததுமே பொய்யும் வந்துட்டு. சேமியா ஐஸ் திங்கவே இல்லம்மாம்பான், வாயிலேந்து முழங்கை வரைக்கும் வழிஞ்சிட்டு இருக்கும்."

ரத்தின நாச்சியார் சிரித்தாள். அவளைப் பற்றிய வரியில் சிரிப்பு என்று ஒரு வார்த்தை இல்லை. கனகமணிக்கு நன்றாகத் தெரியும், எழுதியவள் அவள்தான். ஆனாலும் சிரித்தாள், சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். இன்னும் சொல்லுங்கள் என்று பேச்சியம்மாளின் வெடித்த கையைப் பிடித்துக்கொண்டாள். சாயங்காலம் வரை பேசினார்கள். புறப்படும்போது பேச்சியம்மாள், "நல்ல பொம்பளையா இருக்கா. அவனுக்கு இவ போதாது, இவளுக்கு அவன் ஆகாது" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினாள்.

அடுத்த மாதம் பல்கலைக்கழகத்தின் தரத்தைச் சோதிக்க வெளியூரிலிருந்து ஒரு குழு வந்தது. வேந்தரின் கல்விப் பாரம்பரியத்தைக் காட்டுவதற்காகப் புலவர் செண்பக ராயரைச் சிறப்பு நாற்காலியில் உட்காரவைத்திருந்தார்கள். குழுத் தலைவர் மரியாதைக்காகக் கேட்டார்: "மகனை எப்படிப் படிக்கவைத்தீர்கள் ஐயா?"

"அவரை எனக்குத் தெரியாது. போன பட்டமளிப்பு விழாவில்தான் முதன்முதலாகப் பார்த்தேன். பேசிப் பார்த்ததில், படித்தவராகத் தெரியவில்லை" என்றார் புலவர்.

குழு இனிமேல் எந்தக் கேள்வி கேட்டாலும் புலவர் பதில் சொல்லிவிடுவார் என்று தெரிந்து துணைவேந்தர் அவசரமாகத் தேநீர் இடைவேளை அறிவித்தார். இடைவேளையிலும் புலவர் பேசினார். ஆய்வுக்கூடத்தில் இருக்கும் கருவிகள் குழு வருவதற்காக வாடகைக்கு வந்தவை என்பதையும், நூலகத்தில் மேல்தட்டுப் புத்தகங்கள் முதுகு மட்டும் உள்ள அட்டைகள் என்பதையும், கேட்டவருக்கும் கேட்காதவருக்கும் ஒரே குரலில் சொன்னார்.

இரண்டு நாள் கழித்து வேந்தர் கனகமணியைக் கூப்பிட்டு அனுப்பினார். மேஜை மேல் நாட்காட்டி குப்புறக் கிடந்தது.

"இந்த வருஷம் வேற மாதிரி எழுதுவோம்மா. அனாதை. தாய் தகப்பன், உற்றார் உறவினர் எவரும் இல்லாமல், தன்னந்தனியாக வளர்ந்து உயர்ந்தவர். இப்போ அதுக்குத்தான் மவுசு. நீங்க வாசிச்சாப் போதும், அந்த மூணு பேரும் போயிருவாங்கல்ல?"

"போயிருவாங்க ஐயா. ஆனா அப்படி வாசிச்சா உங்களப் பெத்தவங்களும் போயிருவாங்களே. பேச்சியம்மா."

அவர் அந்தப் பேரைக் கேட்டு அதிர்வார், எழுந்து கத்துவார், குறைந்தது தெரியாத மாதிரி நடிப்பார் என்று அவள் எதிர்பார்த்தாள். அவர் மோதிரத்தைத் திருகி நேராக்கினார்.

"அவங்களுக்கும் வயசாயிட்டும்மா. உப்புலயும் வெயில்லயும் கெடந்து அல்லாடுறாங்க. ஒரு வகையில நல்லதுதான்" என்றார்.

கனகமணி வெளியே வந்தாள். அதுவரை அவளுக்கு இந்த வேந்தர்கள் மேல் இருந்த இளக்காரம் சொகுசானது. உள்ளே சிரித்துக்கொண்டு வெளியே எழுதிக்கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய் மீன்குழம்பு வைக்கலாம். இப்போது அப்படிப் போக முடியவில்லை. நேராகத் துணைவேந்தரிடம் போய்ச் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"எழுதிக் குடுக்கிறது நம்ம வேலைம்மா. யாரு இருக்கணும், யாரு போகணும்ங்கிறது நிர்வாகத்தோட கொள்கை முடிவு. அதுல நாம தலையிட முடியாது. எழுத்துப்பிழை மட்டும் இல்லாமப் பாத்துக்கோங்க."

அவள் எழுத்துப்பிழை இல்லாமல் எழுதிக் கொடுத்தாள். வேந்தர் பார்த்துச் சரி என்றார், துணைவேந்தர் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். விழாவுக்கு முந்தின நாள் விருந்தினர் மாளிகைக்குப் போய், மறுநாள் அரங்கத்துக்கு வரவேண்டாம் என்று மூவரிடமும் சொன்னாள். திருவழுதி ராயர் எனக்கு வெட்டு வேலை கிடக்கிறது என்றார். ரத்தின நாச்சியார் மட்டும் அவள் முகத்தையே பார்த்து, "உனக்குப் பயமாக இருக்கிறதா?" என்று கேட்டாள். ஆமாம் என்று கனகமணி சொன்னாள்.

விழா அன்று வேந்தர் அங்கியும் தொப்பியுமாக உயர்ந்த நாற்காலியில் அமர்ந்தார். கனகமணி ஒலிபெருக்கி முன் போய் நின்றாள். கையில் இருந்த தாளை மடக்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். கல்வெட்டு வாசித்து வாசித்துக் கனத்துப்போன குரலில், நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

"தேரிமேடு பல்கலைக்கழகத்தின் வேந்தர் உப்பளத் தொழிலாளி பேச்சியம்மாளின் மகன் முக்காண்டி. பேச்சியம்மாள் நலமாக இருக்கிறார். வள்ளல் திருவழுதி ராயர், புலவர் செண்பக ராயர், ரத்தின நாச்சியார் ஆகிய மூவரும் வேந்தருக்கு எந்த உறவும் இல்லாதவர்கள். அவர்கள் தங்கள் விருப்பப்படி இந்த ஊரில் வாழ்கிறவர்கள். வேந்தரைப் பற்றிச் சொல்வதற்கு இதைத் தவிர ஒன்றும் இல்லை."

சொன்னது சொன்னபடி ஆனது. ஒன்றும் இல்லை. அங்கி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது, தொப்பி அதற்குமேல் ஒரு சாண் உயரத்தில் கொஞ்ச நேரம் தயங்கி நின்று, பிறகு அங்கியின் கழுத்தில் வந்து அமர்ந்தது. கைகள் இருந்த இடத்தில் விரிந்த வெற்று அங்கிக்கைகள் நாற்காலியின் கைப்பிடியில் கிடந்தன. அரங்கத்தில் எல்லோரும் பார்த்தார்கள். பழக்கதோஷத்தில் முதலில் ஒருவர் கைதட்டினார், பின்பு எல்லோரும் தட்டினார்கள்.

துணைவேந்தர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "அடுத்ததுக்குப் போங்கம்மா, சாப்பாட்டு நேரம் வந்துட்டு" என்றார்.

பட்டம் வாங்க வந்த முதல் பெண் அங்கியின் முன் வந்து தயங்கி நின்றாள். மேடை மின்விசிறியின் காற்றில் அங்கிக்கை லேசாக உயர்ந்தது. அவள் அதன் அடியில் அடுக்கி இருந்த காகிதச் சுருள்களில் ஒன்றை எடுத்துக்கொண்டு புகைப்படத்துக்குத் திரும்பினாள். அடுத்தவன் வந்தான். அதற்கடுத்தவள் வந்தாள். போன வருஷத்தைவிட வரிசை வேகமாக நகர்ந்தது. படங்களும் நன்றாக வந்திருந்தன என்றார்கள். வேந்தர் யார் தோளிலும் கை போடவில்லை, யாரிடமும் எந்த ஊர், என்ன ஆளுக என்று கேட்கவில்லை. மறுவாரம் ஆட்சிமன்றக் குழு கூடி, அங்கியே வேந்தராகத் தொடரலாம் என்று ஒருமனதாகத் தீர்மானித்தது. கனகமணிக்கு விளக்கம் கேட்டு ஓலை அனுப்ப நினைத்தார்கள். அதில் வேந்தர் கையெழுத்துப் போட வேண்டும் என்று விதி இருந்ததால் விட்டுவிட்டார்கள்.

திருவழுதி ராயர் அரங்கத்தின் அஸ்திவாரம் வரை வெட்டிவிட்டார். புலவருக்கு ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை கிடைத்தது. பிள்ளைகளுக்கு அவரைப் பிடிக்கும், பெற்றோர்களுக்குத்தான் பயம். ரத்தின நாச்சியார் வீணையைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, வாரத்துக்கு ஒருமுறை பேச்சியம்மாள் வீட்டுக்குப் போய் மீன் ஆயக் கற்றுக்கொண்டிருக்கிறாள் என்று கேள்வி.

ஞாயிற்றுக்கிழமை கோயில் ஆராதனை முடிந்ததும் கனகமணி பஸ் பிடித்து உப்பளத்துக்குப் போனாள். வெளிச்சத்தில் கண்ணைத் திறக்க முடியவில்லை. பாத்திகளுக்கு நடுவே பேச்சியம்மாள் கறுப்புக் கண்ணாடியோடு நின்றிருந்தாள். கொஞ்சம் தள்ளி, பட்டுக்கரை வேட்டியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிக்கொண்டு, நீண்ட பலகையால் உப்பை வாரிக்கொண்டிருந்தவரை அவளுக்குத் தெரிந்தது.

"அன்னைக்கு மத்தியானம் பாத்திக்கு நடுவுல வந்து நின்னான்" என்றாள் பேச்சியம்மாள். "யாருலேன்னு கேட்டாளுவ, நான்தான் வேந்தருன்னான். அதையே பேரா வச்சுட்டாளுவ. திரும்பிப் போறதுக்கு வழி தெரியலங்கான். எங்க போவான்? கஞ்சி ஊத்தினேன், வேலையப் பாருன்னேன்."

"எப்படி இருக்காங்க?"

"இருக்கான். யாரும் சீண்டாம இருந்தா நல்லாத்தான் உப்பு வாருதான். நீயே பாரு."

அந்தப் பக்கத்துப் பாத்தியிலிருந்து ஒரு பெண் குரல் கொடுத்தாள்: "வேந்தரே, அந்தப் பலகைய இங்கிட்டுத் தள்ளுங்க!"

அவர் நின்றார். முதுகு நிமிர்ந்தது, தாடை உயர்ந்தது, வாய் புகைப்படத்துக்கு விரிந்தது. வலதுகை எதையோ கொடுப்பதற்காக மெதுவாக எழுந்து, வாங்க ஆள் இல்லாமல் அந்தரத்தில் நின்றது. பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

"ஏட்டி, அப்படிக் கூப்பிடாதீங்கன்னு எத்தன தடவ சொல்லுதேன், வேலை நிக்குதுல்லா!" என்று அவர்களை அதட்டிவிட்டு, பேச்சியம்மாள் மகன் பக்கம் திரும்பிக் கத்தினாள். "லே முக்காண்டி!"

அந்தப் பேருக்கு அவர் திரும்பவில்லை. கை இன்னும் அந்தரத்திலேயே இருந்தது.

பேச்சியம்மாள் குனிந்து ஒரு உப்புக்கட்டியை எடுத்து முதுகைப் பார்த்து எறிந்தாள். திரும்பினார்.